எடைக்கு விற்கப்பட்ட இரும்புக்கை: நூல் கழிவுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கும், நூல் கழிவுக் குழுவின் உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதம் சந்தைத் தெருப் பழைய பேப்பர் கடையில், உங்கள் நூலகத்தின் ஊதா முத்திரை பதிந்த நாற்பத்து மூன்று சித்திரக்கதை இதழ்களை நான் எடைக்குப் பணம் கொடுத்து மீட்டேன். அவை, என் அண்ணன் இறந்த மறு ஆண்டு நானும் அண்ணியும் சேர்ந்து உங்களிடம் நன்கொடையாக ஒப்படைத்த இருநூற்றுப் பன்னிரண்டு இதழ்களைச் சேர்ந்தவை. முதல் பக்கத்தின் மேல் மூலையில் அண்ணன் பென்சிலால் இட்ட வரிசை எண் ஒவ்வொன்றிலும் அப்படியே இருக்கிறது. கடைக்காரர் என் தொழிலை அறிந்தவர் என்பதால், கட்டைப் பிரித்ததும் எனக்கு ஆள் அனுப்பினார். ஆனால் அதற்கு முந்தின நாளே ஒரு பெரிய கட்டு அட்டை ஆலைக்கு ஏற்றப்பட்டுவிட்டது. இன்னும் இரண்டு கட்டுகள் உங்கள் கிடங்கில் விற்பனைக்குக் காத்திருக்கின்றன என்பதை உங்கள் ஊழியர் ஒருவர் வழியாக அறிந்தேன். இந்த மடலை நான் அவசரமாக எழுதுவதற்கு அந்த இரண்டு கட்டுகளே காரணம்.

நான் கேட்டதற்கு நீங்கள் எழுத்தில் தந்த பதிலில் மூன்று காரணங்கள் உள்ளன. இதழ்கள் சிதைந்துவிட்டன என்பது ஒன்று. அவை அயல்நாட்டுப் படக்கதைகளின் மொழிபெயர்ப்பு, இலக்கிய மதிப்பு அற்றவை என்பது இரண்டாவது. திருடர்களையும் கொள்ளையர்களையும் நாயகர்களாகக் காட்டுவதால் இளையோர் பிரிவுக்குத் தகாதவை என்பது மூன்றாவது. மூன்றையும் நான் பலமுறை படித்துப் பார்த்தேன். மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை.

சிதைவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. என் தந்தையும் அவருக்குப் பின் நானும் இந்த ஊரில் பைண்டிங் தொழில் செய்கிறோம். உங்கள் நூலகத்துக்கே பதினாறு ஆண்டுகள் பைண்டிங் செய்து கொடுத்திருக்கிறேன். 1970, 80களின் இந்த இதழ்களைக் கெடுப்பது பெரும்பாலும் முதுகில் அடித்த இரும்புப் பின்தான். அது துருவேறித் தாளை அரித்து நடுத்தாளைக் கழற்றிவிடுகிறது. பின்னை நகத்தால் நிமிர்த்தி எடுத்துவிட்டு, துளைகளின் மேல் மெல்லிய தாள் ஒட்டி, மெழுகு நூலால் தைத்தால் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும். மீட்டு வந்த நாற்பத்து மூன்றில் முப்பத்தெட்டு இதழ்களை நான் ஏற்கெனவே அப்படித் தைத்துவிட்டேன். அவற்றில் ஒன்றுகூடப் பக்கம் குறையவில்லை. ஆகவே சிதைந்தவை என்று எழுதியவர், அந்தக் கட்டைப் பிரித்துப் பார்க்காமலேயே எழுதியிருக்கிறார் என்று நான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். அயல்நாட்டுக் கதைகள் என்பது உண்மை. லண்டனில் இருந்து வெளிவந்த 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழின் முதல் இதழில், 1962 அக்டோபரில், 'ஸ்டீல் கிளா' (எஃகு நகம்) என்ற தொடர் தொடங்கியது. அதன் நாயகனே நம் மொழியில் இரும்புக்கை மாயாவி. எழுதியவர் கென் புல்மர், பின்னர் டாம் டல்லி. வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. லண்டனின் 'லயன்' வார இதழில் 1965 ஜூனில் ஸ்பைடர் என்ற இன்னொரு நாயகன் வந்தான். அவனைப் படைத்தவர் டெட் கோவன். கோட்டின் மேல் கோடாக நிழல் இட்டு அவனை வரைந்தவர் ரெஜ் பன். 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக இரும்புக்கை மாயாவியைத் தமிழில் வெளியிட்டது. 1984இல் தமிழில் தொடங்கிய லயன் காமிக்ஸ் ஸ்பைடரை நம்மிடம் கொண்டுவந்தது. நாங்கள் கொடுத்த கட்டுகளில் இருந்தவை பெரும்பாலும் இந்த இரு நாயகர்களின் கதைகள்.

நான் மேலே எழுதிய ஐந்து பெயர்களில் ஒன்றுகூட லண்டன் இதழ்களில் அந்தக் கதைகளோடு அச்சாகவில்லை என்பதைக் குழு அறிய வேண்டும். எழுத்தாளர், ஓவியர் பெயரைப் போடாததே அந்தப் பதிப்பகங்களின் வழக்கமாக இருந்தது. வரைந்த அசல் தாள்களும் ஓவியரிடம் திரும்பவில்லை. 'ஈகிள்' போன்ற சில இதழ்களைத் தவிர்த்தால், பிரிட்டனின் சிறுவர் வார இதழ்களில் படைத்தவர் பெயர் முறையாக அச்சாவதற்கு 1977இல் தொடங்கிய '2000 ஏடி' வர வேண்டியிருந்தது. அங்கும் கெவின் ஓ'நீல் என்ற ஓவியர், மேலிடத்தின் அனுமதியை எதிர்பார்க்காமல் பெயர்க் கட்டத்தைப் பக்கத்தில் நுழைத்ததால்தான் அது நடந்தது. ரெஜ் பன் 1971இலேயே காலமாகிவிட்டார். தன் ஸ்பைடரின் கீழே தன் பெயர் அச்சானதை அவர் பார்த்ததில்லை.

இதில் என்னை மிகவும் வருத்துவது ஜெர்ரி சீகலின் கதை. ஸ்பைடரின் தொடக்கக் கதைகளுக்குப் பின் அந்தத் தொடரை எழுதியவர் அவர். அமெரிக்காவில் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவரும் அவரே. 1938இல் வெறும் 130 டாலருக்கு அந்த உரிமை கைமாறியது. பின்னர் வழக்கிட்டுத் தோற்றார்கள். சூப்பர்மேன் பக்கங்களில் இருந்து அவர்கள் பெயரும் நீங்கியது. 1975இல் பலர் கூடிக் குரல் கொடுத்த பிறகே பெயரும் ஓர் ஓய்வுத்தொகையும் திரும்பக் கிடைத்தன. அந்த இடைக்காலத்தில்தான் அவர் லண்டன் இதழுக்கு ஸ்பைடர் கதைகளை எழுதினார். அங்கும் பெயர் இல்லை. சிறுவனாக நான் அந்தக் கதைகளைப் படித்தபோது, சூப்பர்மேனைப் படைத்தவரின் கற்பனையைத்தான் கையில் வைத்திருக்கிறேன் என்று எனக்குச் சொல்ல அந்தப் பக்கங்களில் எதுவுமே இல்லை. நாற்பது வயதைக் கடந்த பிறகே அறிந்தேன்.

இந்தக் கதைகளின் உரிமையை 2018இல் பெற்ற ஆக்ஸ்ஃபோர்டின் ரெபெல்லியன் நிறுவனம், அண்மை ஆண்டுகளில் ஸ்பைடரையும் ஸ்டீல் கிளாவையும் நூல்களாக மறுபதிப்பு செய்து, படைத்தவர் பெயர்களையும் அச்சிட்டிருக்கிறது. அவர்களால் அது முடிந்ததற்குக் காரணம், யாரோ சிலர் அந்தப் பழைய வார இதழ்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததுதான். படித்துவிட்டு மீன் வறுவல் மடிக்கக் கொடுக்கும் தாளாகவே அந்த நாட்டிலும் அவை கருதப்பட்டன. ஆனாலும் 1911ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிட்டனில் அச்சாகும் எதுவாயினும் ஒரு படி நாட்டின் பெருநூலகத்தில் சேர வேண்டும் என்று விதித்தது. அந்தச் சட்டம் சிறுவர் இதழ் என்றும் பெரியோர் நூல் என்றும் பிரித்துப் பார்க்கவில்லை. நம் நாட்டிலும் 1954இல் நூல்களுக்கு அப்படியொரு சட்டம் வந்து, 1956இல் இதழ்களுக்கும் விரிந்தது.

தமிழ்ப் பதிப்புக்கும் ஒரு தனி மதிப்பு உண்டு. உடல் மறைந்து கை மட்டும் தெரியும் மனிதனுக்கு, மூலப் பெயரின் நகத்தை விட்டுவிட்டு, 'இரும்புக்கை மாயாவி' என்று பெயர் வைத்தவரின் காது எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். 'ஷேடோ ஸ்குவாட்' என்ற உளவுப் பிரிவை 'நிழற்படை' என்று ஒரே சொல்லில் தமிழாக்கியவர் யார்? எனக்குத் தெரியாது, எழுதிப் பழகிய கை அது என்பது மட்டும் தெரியும். ஈயத்தில் எழுத்துக் கோத்தும், பேச்சுக் குமிழ்களில் கையால் எழுதியும் வாழ்ந்த ஒரு தலைமுறைத் தொழிலாளர்களின் வேலை அந்தத் தாள்களில் இருக்கிறது. நாளை தமிழ் அச்சுத் தொழிலின் வரலாற்றையோ மொழிபெயர்ப்பின் வரலாற்றையோ எழுத வருகிறவர், அந்தக் கேள்விக்கு விடை தேட இந்த இதழ்களிடம்தான் வந்தாக வேண்டும்.

மூன்றாவது காரணத்தைப் பற்றி நான் சற்று விரிவாகப் பேச அனுமதியுங்கள், ஏனெனில் என்னை உறங்கவிடாமல் செய்தது அதுதான்.

ஸ்பைடர் தொடக்கத்தில் திருடன்தான். கறுப்பு உடையும், கூர்ந்த காதுகளும், முதுகில் பறக்கும் கருவியும், கையில் வலைத் துப்பாக்கியும் கொண்டு குற்ற உலகின் பேரரசனாக வேண்டும் என்று நியூயார்க்கில் கிளம்பியவன். பூட்டுகளை உடைக்க ஆர்டினியும், கருவிகள் செய்ய பேராசிரியர் பெல்ஹாமும் அவனோடு இருந்தார்கள். கில்மோர், டிராஸ்க் என்ற இரு துப்பறிவாளர்கள் அவனைத் துரத்தினார்கள். ஆனால் அந்தத் தொடர் அங்கே நிற்கவில்லை. மாயத் தோற்றங்களால் ஏமாற்றும் கண்ணாடி மனிதன் போன்ற போட்டியாளர்களோடு மோத நேர்ந்து, பின்னர் சீகலின் கையில், குற்றவாளிகளை வேட்டையாடும் பக்கத்துக்கே ஸ்பைடர் வந்துவிடுகிறான். கொள்ளையன் ஒருவனை ஒரு முன்னாள் கொள்ளையன் துரத்துகிறான். துரத்துகிறவனுக்கு ஓடுகிறவனின் அடுத்த அடி தெரிகிறது, ஏனெனில் நேற்றுவரை அதே பாதையில் ஓடியவன் அவன். அவனிடம் திமிர் இருக்கிறது, புகழாசை இருக்கிறது. உடையை மாற்றாமலேயே பக்கம் மாறியவன் அவன். தொடக்கம் முதலே நல்லவனாக வரும் நாயகனிடம் கிடைக்காத ஒரு சிந்தனையை அவன் பத்து வயதுப் பிள்ளையிடம் எழுப்புகிறான்.

மாயாவியின் வரலாறும் அப்படியே. ஆய்வுக்கூட உதவியாளனான லூயிஸ் கிராண்டெல் வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்தப்பட்டவன். ஒரு விபத்தில் பெரும் மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் தெரிகிறது. யாரும் பார்க்க முடியாது என்றதும் அவன் முதலில் செய்தது கொள்ளைதான். அதிலிருந்து அவன் மீண்டு, நிழற்படையின் உளவாளியாக உயர்வதற்கு எழுத்தாளர்கள் பல கதைகளைச் செலவழித்தார்கள். அந்த மாற்றத்தைத் தள்ளிவிட்டு, முதல் சில பக்கங்களில் நிற்கும் திருடனை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எந்த வாசிப்பிலும் நியாயம் ஆகாது.

ஸ்பைடரை வரைந்த ரெஜ் பன், அதற்கு முன் வரைந்தது ராபின் ஹுட் கதைகளை. ஆங்கிலேயர்கள் பல நூற்றாண்டுகளாகத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவருவது அந்தக் காட்டுக் கொள்ளையனின் கதை. நம்மிடமும் இல்லையா? அடியார்களுக்கு அமுது படைக்க வழிப்பறியில் இறங்கிய திருமங்கை மன்னன், திருமணக் கோலத்தில் வந்த பெருமாளையே மறித்து, காலில் இருந்த அணியைப் பல்லால் கடித்துக் கழற்றியவர், ஆழ்வாராகி நிற்கிறார். திருவரங்கத்தில் ஒவ்வோர் ஆண்டும் இராப்பத்தின் எட்டாம் நாள் அந்த வேடுபறி நடக்கிறது. குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு மக்கள் பார்க்கிறார்கள். எந்தத் தாயும் தன் பிள்ளை அதைப் பார்த்துத் திருடனாகிவிடும் என்று அஞ்சியதில்லை. உங்கள் நூலகத்தின் சமய அடுக்கில் அந்த வரலாறு இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அதே வகையான மாற்றத்தைச் சொல்லும் படக்கதை மட்டும் ஏன் எடைக்குப் போக வேண்டும்?

என் வீட்டில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். அண்ணனுக்குப் பதினொரு வயது இருக்கும்போது, வாடகை நூல் நிலையத்தில் இருந்து ஒரு மாயாவி இதழைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டான். நாள் வாடகை பத்துப் பைசா. அன்று அவனிடம் அது இல்லை. இரவு அப்பா கண்டுபிடித்தார். அடிக்கவில்லை. மறுநாள் காலை அவனைக் கையோடு அழைத்துச் சென்று கடைக்காரரிடம் இதழைக் கொடுக்கச் செய்தார். கிழிந்துபோன இருபது இதழ்களைக் கூலி வாங்காமல் தைத்துக் கொடுப்பதாகவும் சொன்னார். அந்த இருபதையும் தைத்தது அண்ணன். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சிக் கொடுத்தது நான். தைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கேட்டான்: "அப்பா, மாயாவி முதல்ல எடுத்த பணத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்தானா?" அப்பாவிடம் விடை இல்லை. அவர் படித்தவர் அல்லர், அந்தக் கதையையும் படித்தவர் அல்லர். ஆனால் அந்தக் கேள்வியை அண்ணன் தன் வாழ்நாள் முழுவதும் வைத்திருந்தான். தபால்காரராக முப்பத்தோர் ஆண்டுகள் இந்த வட்டாரத்தின் மணியார்டர்களைச் சுமந்தவர் அண்ணன். ஒரு ரூபாய் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை. தன் சம்பளத்தில் விலை கொடுத்து வாங்கி, வரிசை எண் இட்டுச் சேர்த்த இதழ்களைத்தான் நீங்கள் இளையோரைக் கெடுப்பவை என்று எழுதியிருக்கிறீர்கள்.

நன்கொடை கொடுத்த நாளில் எங்களுக்கு ஒப்புகைச் சீட்டு தரப்பட்டது. சேர்க்கைப் பதிவேட்டில் அவை எப்படி ஏறியிருக்கின்றன என்று சென்ற வாரம் கேட்டுப் பார்த்தேன். 'பழைய படக்கதைகள், 212' என்ற ஒரே வரி. தலைப்பு இல்லை, வெளியீட்டாளர் இல்லை, ஆண்டு இல்லை. எதை வைத்திருக்கிறோம் என்று பதிவு செய்யாத ஒரு தொகுப்பை, மதிப்பற்றது என்று எந்த அடிப்படையில் குழு முடிவு செய்தது? லண்டனில் படைத்தவர்களின் பெயர் ஒருமுறை விடுபட்டது. நம் ஊரில் இதழின் பெயரே விடுபட்டு, இறுதியில் இதழும் போய்விட்டது.

இடப் பற்றாக்குறையை நான் மறுக்கவில்லை. உங்கள் கிடங்கின் கூரை எப்படி ஒழுகுகிறது என்பதை அங்கே தரையில் உட்கார்ந்து வேலை செய்தவன் என்ற முறையில் அறிவேன். இருக்கும் ஊழியர்கள் மீதும் எனக்குக் குறை இல்லை. எனக்குத் தகவல் சொன்னவரும் அவர்களில் ஒருவரே. ஆனால் இடம் இல்லை என்றால் கொடுத்தவரிடம் திருப்பித் தரலாம், அல்லது இத்தகையவற்றைக் காப்பதற்கென்றே இருக்கும் இடத்துக்கு அனுப்பலாம். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று பிறர் எறிந்த தாளையெல்லாம் சேர்த்தார்; இன்று அவர் பெயரில் சென்னையில் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு உலகெங்கும் இருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். அவர் சேர்த்தபோது அவற்றையும் குப்பை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. கிடங்கில் உள்ள இரண்டு கட்டுகளின் விற்பனையை இந்த மடல் உங்கள் கைக்கு வந்த அன்றே நிறுத்தி, அந்த உத்தரவை எழுத்தில் தர வேண்டும். அந்தக் கட்டுகளை என் முன்னிலையிலும் வாசகர் வட்டத்தின் ஒருவர் முன்னிலையிலும் பிரித்து, ஒவ்வோர் இதழையும் தலைப்பு, வெளியீட்டாளர், மாதம், ஆண்டு ஆகியவற்றோடு பதிவேட்டில் தனித்தனியாக ஏற்ற வேண்டும். எந்தக் கதையின் மூலத்தை யார் எழுதினார், யார் வரைந்தார் என்று தெரிகிறதோ, அந்தப் பெயர்களையும் உடன் எழுத வேண்டும். நான் அறிந்தவரையில் அந்தப் பட்டியலைத் தயாரித்து வைத்திருக்கிறேன், சரிபார்த்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மீட்ட நாற்பத்து மூன்று இதழ்களையும் அதே தொகுப்பில் திரும்பச் சேர்க்க நான் ஆயத்தமாக இருக்கிறேன், முழுத் தொகுப்பும் பூட்டிய அலமாரியில், கேட்பவருக்கு அங்கேயே படிக்கக் கொடுக்கும் முறையில் வைக்கப்படும் என்றால். தைப்பதற்கும் கட்டுவதற்கும் கூலி வேண்டாம். நூலும் காலிக்கோத் துணியும் என் செலவு.

வைக்க இயலாது என்று குழு முடிவு செய்தால், முப்பது நாட்களுக்குள் எனக்கோ அண்ணிக்கோ அவற்றைத் திருப்பித் தாருங்கள். சென்னைக்கு அனுப்பும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

இனி எந்த நன்கொடை நூலையும் இதழையும் கழிப்பதற்கு முன், அதன் முழுப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் ஒட்டி வைக்கவும், கொடுத்தவருக்கு அஞ்சல் அட்டை மூலமாவது தெரிவிக்கவும் விதி செய்யுங்கள். உங்கள் பதில் கடிதத்தில் உள்ள 'இளையோர் பிரிவுக்குத் தகாதவை' என்ற வரியைக் கோப்பில் இருந்து திரும்பப் பெற வேண்டும் என்றும் கேட்கிறேன். அந்த வரி கோப்பில் இருக்கும்வரை, நாளை வேறொருவர் கொடுக்கும் கட்டும் அதே வரியைக் காட்டி எடைக்குப் போகும்.

அடுத்த குழுக் கூட்டம் இம்மாதக் கடைசி வெள்ளிக்கிழமை என்று அறிகிறேன். அன்று காலை பத்து மணிக்கு, தைத்து முடித்த முப்பத்தெட்டு இதழ்களோடு நூலக வாயிலில் இருப்பேன். உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் அதில் ஒரே ஓர் இதழையாவது முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்த பிறகு முடிவை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நூலகத்தின் முன்னாள் பைண்டர், இந்நாள் வாசகர்